ஹெட்லியின் புதன்கிழமை

ஹெட்லி பிளென்கினுக்கு ஐம்பது வயது தாண்டும் வரை சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. அவர் வேலை பார்த்த செருப்புக் கடை மாமனாருடையது. குடியிருந்த வீடு மாமியார் விட்டுப்போனது. நாய் அவர் ஆசைப்பட்டு வாங்கி வந்ததுதான். ஆனால் அவர் கூப்பிட்டால் அது ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அவர் மனைவி ம்யூரியல் ஒரு பார்வை பார்த்தால் போதும், எழுந்து வரும்.

ம்யூரியல் கெட்ட மனுஷி இல்லை. எந்தக் காரியத்தையும் அடுத்தவர்களைவிட நன்றாகச் செய்வாள், அது ஒன்றுதான் அவளிடம் இருந்த குறை. ஹெட்லி ரோஜாச் செடி வைத்தார். மறுவருஷம் மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியவள் அவள். தேவாலயத்துப் பாடற்குழுவில் சேர்ந்தார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அதை நடத்திக்கொண்டிருந்தவள் அவள். கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்ததும் அவளிடமிருந்துதான்.

ஆகவே எழுபத்தேழாம் வருஷம் இலை உதிரும் காலத்தில், 'மூன்று அன்னம்' மதுக்கடையில் எழுந்து நின்று, தங்கள் ஊரான ஸ்டோக் ஆர்டனுக்கென்று, சலங்கை கட்டிக் கைக்குட்டையும் தடியும் வீசி ஆடும் மாரிஸ் ஆட்டக் குழு ஒன்று வேண்டும் என்று அவர் முழங்கியபோது, பாரம்பரியம், ஊர்ப் பெருமை என்று சொன்னதெல்லாம் மேல்பூச்சு. பக்கத்து ஊரான விட்டல்ஸ்டன் குழுவில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அதை அவர் நெடுநாளாகவே பொறாமையோடு கவனித்து வந்தார். புதுக் குழுவின் முதல் விதி, ஆண்கள் மட்டும். இரண்டாவது விதி, பயிற்சி புதன்கிழமை மாலை. வேறு விதி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும், அவரையும் சேர்த்து ஆறு பேர் ஆனார்கள். வாத்தியத்துக்கு ஒரு அக்கார்டியன்காரர் கிடைத்தார். முழங்காலில் கட்டும் சலங்கைகளைத் தோல்பட்டையில் ஹெட்லியே தைத்தார். ம்யூரியல் ஊசியோடு பக்கத்தில் வந்து நின்றபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த 'வேண்டாம்' அவருக்கு மூன்று நாள் இனித்தது. ஒவ்வொரு ஊருக்கும் அதற்கே உரிய ஆட்டம் உண்டு என்பதால், ஸ்டோக் ஆர்டனின் தடி ஆட்டத்தையும் அவரே கட்டினார். அதில் அடவுக்கு அடவு தடிகள் மோதும். தடி தவறினால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்காததற்குக் காரணம் இருந்தது. பயிற்சி நடந்த தேவாலயக் கூடத்தின் மரத்தரைக்கு அப்போதுதான் மெருகு போட்டிருந்தார்கள். ஒரு தடி கீழே விழுந்தாலும் கூடத்தைப் பூட்டிவிடுவேன் என்று காவல்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் ஆறு பேரும் குளிர்காலம் முழுக்கப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஆடினார்கள். செய்தித்தாள் எங்கே பட்டாலும் சிரிப்புதான் வரும். கசாப்புக் கடைக்காரர் பெர்ஸி டாக்கெட், எலும்பு வெட்டுகிற பாவனையில் வீசி, விரலையெல்லாம் விரித்துப் பிடித்து, பிரமாதமாக ஆடினார்.

ஹெட்லிக்கு மட்டும் வீட்டிலும் பயிற்சி தேவைப்பட்டது. ஆட்டத்தைக் கட்டியவருக்கே அது அடிக்கடி மறந்துபோயிற்று. எதிரே நிற்க ஆள் வேண்டும். ம்யூரியல் சப்பாத்திக்கட்டையைப் போன்ற தன் மாவுருளையை எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். 'சும்மா நின்னா போதும், ஆட வேண்டாம்' என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். முதல் வாரம் இருவருக்கும் விரல் முட்டிகள் வீங்கின. அதற்கப்புறம் வீங்கவில்லை. சமையலறையில் நடப்பது மாரிஸ் ஆகாது என்பதால் இதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மே மாதம் முதல் நாள், மதுக்கடை வாசலில் அரங்கேற்றம். வழக்கப்படி விட்டல்ஸ்டன்காரர்கள் வாழ்த்த வந்திருந்தார்கள். வெளுத்துப்போன சட்டையும் கையில் பியருமாக, புதிய குழுவை மன்னித்துவிடத் தயாரான முகத்தோடு நின்றார்கள். அவர்கள் தலைவர் வைவியன் ரூக் ஹெட்லியின் தோளில் தட்டி, "பதறாதீங்க. முதல் தடவ எல்லாருமே கேவலமாத்தான் ஆடுவாங்க" என்றார்.

கைக்குட்டை ஆட்டம் கேவலமாக இல்லை. ஒரு கைக்குட்டை மட்டும் பறந்துபோய் யாரோ ஒருவரின் பியரில் விழுந்தது. அடுத்தது தடி ஆட்டம். முதன்முறையாக ஆறு பேர் கையிலும் நிஜத் தடி. ஹெட்லிக்கு எதிரே பெர்ஸி. ஹெட்லியின் தடி எங்கே வர வேண்டுமோ அங்கேதான் வந்தது. பெர்ஸியின் கட்டைவிரல் செய்தித்தாள் பழக்கத்தில் அங்கே காத்திருந்தது.

பெர்ஸியை பெஞ்சில் உட்கார வைத்து, பியர் ஊற்றிய குவளைக்குள் கையை விடச் சொன்னார்கள். ரூக் அனுதாபத்தோடு வந்தார். தங்கள் ஆள் ஒருவரைக் கடன் கொடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஹெட்லி கட்டிய ஆட்டம் தங்களில் யாருக்கும் தெரியாதே என்றார்.

"ஐஞ்சு பேர வச்சுட்டு என்ன ஆடுவீங்க? விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அந்தக் குரலில் இருந்த கருணைதான் ஹெட்லியைக் கொன்றது. அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கலைந்தால் இந்த ஐந்து பேரும் திரும்ப வரமாட்டார்கள். புதன்கிழமையும் போய்விடும்.

கூட்டத்தில் ம்யூரியல் காய்கறிப் பையைக் கீழே வைத்தாள்.

"ஹெட்லி, நான் நிக்கட்டுமா?"

அவள் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் கேட்டுச் செய்ததில்லை.  விதி என்று ஏதோ முணுமுணுத்தார்.

"விதி கெடக்குதுய்யா" என்றார் பெஞ்சிலிருந்து பெர்ஸி. "அந்த அம்மா ஆடட்டும். என்னைய மாதிரி வெரல நீட்டாது."

ஹெட்லி கீழே கிடந்த தடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஆட்டம் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. தடிகள் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தில் ஜன்னல்கள் திறந்தன. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர்கள் அடித்த அடியில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ரூக் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஹெட்லி தன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போதுதான் என்ன நடந்துவிட்டதென்று அவருக்கு உறைத்தது.

பெர்ஸியின் விரல் தேற மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை ம்யூரியல் நின்றாள். அவர் தேறி வந்தபோது அவருக்கே கற்றுக்கொடுத்தாள். கூடத்தை விட்டுவிட்டு, கசாப்புக் கடைக் கொல்லையில் நிஜத் தடியோடு பயிற்சி நடக்க ஏற்பாடு செய்தாள். புது வருஷத்தில் தலைவர் தேர்தல் வந்தது. எல்லோரும் அவளுக்குக் கை தூக்கினார்கள். எல்லோரும் தன்னையே பார்த்ததால் ஹெட்லியும் தூக்கினார். மறுவாரம் முழங்கால் வலிக்கிறதென்று விலகிக்கொண்டார்.

இப்போது புதன்கிழமை மாலை முழுக்க அவருடையது. நாயும் அவளோடு போய்விடுவதால் வீடே அவருடையது. முதல் வாரம் வானொலியைச் சத்தமாக வைத்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் கதவுக்குப் பின்னாலிருந்த தடியை எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்று பார்த்தார். எதிரே ஆள் இல்லை. தடி காற்றில் சும்மா போய்விட்டு வந்தது.

ஏப்ரலில் ஒருநாள் ம்யூரியல் சலங்கையைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"ஒருத்தன் கழண்டுக்கிட்டான். மே ஒண்ணாந்தேதிக்கு ஒரு ஆள் குறையுது."

"ஆம்பிளைங்கள்ல யாரையாவது கேளு."

"அந்த விதிய எடுத்தாச்சு. இப்ப யாரு வேணாலும் வரலாம்." கெட்டிலை அடுப்பில் வைத்தாள். "நீகூட."

எந்த இடம் என்று கேட்டார். 

"என் எதிர்ல. வேற யாரும் அங்க நிக்க மாட்டேங்கறானுங்க. வெரல் போயிடுமாம்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் ஹெட்லி. அவளைக் காக்க வைப்பது இதுதான் முதல்முறை என்பதால் தேநீர் ஆறும் வரை யோசித்தார். அவருடைய சலங்கைப் பட்டைகள் மேசையடியில் இருந்தன. தோல் வெடிக்காமல் இருக்க ஒவ்வொரு புதன்கிழமையும் அவற்றுக்கு அவர் எண்ணெய் போட்டு வந்திருந்தார்.