பூஜையில் வைத்த பந்துகள்

நான் பயிற்சி கொடுத்த கால்பந்துக் குழுக்கள் எல்லாமே ஏதாவது ஓர் ஆலையின் தயவில் ஓடியவை. ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் கேன்டீனில் வடை நிற்கும்; அடுத்தது கால்பந்து. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் குழுவில் இருந்தேன். பழம் வரும் மாதங்களில் சம்பளம் பணமாக வரும், மற்ற மாதங்களில் கூழ் டின்னாக வரும். இட்லிக்கும் அதையே தொட்டுக்கொள்ள நேர்ந்த ஒரு காலையில் என் மனைவி, "அடுத்து சேர்ற கிளப்பாவது எண்ணெய் மில்லா இருக்கட்டும்" என்றாள். அடுத்தது கிரானைட்டுக்குப் பாலிஷ் போடும் நிறுவனமாக அமைந்தது. அதை மூடியபோது, வர வேண்டிய பாக்கிக்காக யாரோ எங்கள் கோல் கம்பங்களையும் இரும்பு விலைக்கு எடைபோட்டு எடுத்துப்போனார்கள்.

மூன்றாவதாக ஓசூர். பெரிய தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர்களே சேர்ந்து நடத்திய கிளப். நான் சேர்ந்து மூன்று பருவங்கள் நன்றாகவே போயின. அதற்குப் பிறகு நிர்வாகம், செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி கிளப்புக்குக் கொடுத்து வந்த உதவித்தொகையை நிறுத்திவிட்டது. பூஜை விடுமுறை முடிந்ததும் மாவட்ட லீக்குக்கு நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குழு லீக்கிலிருந்து நீக்கப்படும்; பையன்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எனக்கும் நான்காவது கிளப் தேட வேண்டியதுதான்.

எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை, பக்கத்து ஜூஜுவாடியில் பட்டறை வைத்திருந்த ஒரு முதலாளி. கல்லாவியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு லேத்தை வைத்துத் தொடங்கி, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தார். நானும் எங்கள் கேப்டனும் போய்க் கேட்டபோது அவர் முடியாது என்று சொல்லவில்லை.

"பொருளைப் பாக்காம நான் ஆர்டர் எடுக்கறதில்லீங்க. ஒரு ஆட்டம் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

ஒரு ஆட்டம் காட்டுவது அவர் நினைத்த அளவுக்குச் சுலபமில்லை. எங்கள் ஆட்கள் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்டுகளிலும் சிதறிக் கிடந்தார்கள். ஸ்ட்ரைக்கர் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் நடுக்கள ஆட்டக்காரன் உள்ளே போவான். இருவரும் கேட்டில் கை குலுக்கிக்கொள்வதுதான் அவர்களுக்குள் இருந்த கூட்டுப் பயிற்சி. என் முதல் பதினொரு பேரும் ஒன்றாக நின்று நான் பார்த்ததே அபூர்வம். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு நாளைப் பிடித்தேன். ஆயுத பூஜை. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடாது, எல்லோரும் கிடைப்பார்கள். எதிரணிக்கு, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்திப்பள்ளிக் குழுவை அழைத்தேன். அவர்களும் ஆலைத் தொழிலாளர்களே, அவர்களுக்கும் அன்று விடுமுறை. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் மாலை பையன்கள் கிளப் அறையைக் கழுவித் தோரணம் கட்டினார்கள். பூட்ஸ்களின் சேற்றைச் சுரண்டி எடுத்தார்கள். இருந்த நான்கு பந்துகளுக்கும் காற்றடித்து, துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கினார்கள். மறுநாள் காலை நான் போனபோது பந்துகளில் சந்தனம், குங்குமம். பூட்ஸ்களின் மேல் சாமந்திச் சரம். நடுவில் என் விசில், அதற்கும் ஒரு பொட்டு. பார்க்க நன்றாக இருந்தது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

பிற்பகல் மைதானத்துக்குப் போனேன். குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தன. முதலாளிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். அவரும் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். என் பதினொரு பேரும் ஜெர்சி போட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லோர் காலும் வெறுங்காலாக இருந்தது.

"பூட்ஸ் எங்கப்பா? பந்து எங்க?" என்றேன்.

கேப்டன் தூத்துக்குடிக்காரன். பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான். "பூஜையிலல்லா இருக்கு சார்."

"எடுத்துட்டு வா."

"பூஜையில வச்சத நாளைக்குக் காலையில தான் எடுக்கணும் சார். இன்னிக்குத் தொடப்பிடாது. அது எங்களுக்கு டூல்ஸுல்லா."

"ஒரே ஒரு பந்து."

"ஒரு மெஷினை மட்டும் ஓட்டுன்னு சொன்னா ஓட்டுவோமா சார்?"

மெஷின்கள் ஓய்வெடுக்கும் நாள் என்பதால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். பந்தும் அன்றைக்கு ஓய்வெடுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கூழ் ஆலையில் மெஷினுக்கு மட்டும்தான் பூஜை போடுவார்கள். கால்பந்தை ஒருவரும் கண்டுகொண்டதில்லை.

அதற்குள் வாழைக்கன்று கட்டிய டெம்போ ஒன்றில் அத்திப்பள்ளிக் குழு வந்து இறங்கியது. நான் அவர்கள் கேப்டனிடம் ஓடிப்போய், உங்கள் பந்தைக் கொடுங்கள் என்றேன். அவன் என் ஆட்களின் வெறுங்காலைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களின் காலைக் காட்டினான். அங்கேயும் பூட்ஸ் இல்லை, ரப்பர் செருப்புகள்தான்.

"நம்தூ பூஜேலி இதே சார்" என்று, தங்களுடையதும் பூஜையில் இருப்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான். "நீங்க பந்து தருவீங்கன்னு நாங்க வந்தோம்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைக்கு ஒருவனை சைக்கிளில் அனுப்பினேன். கடையைப் பூட்டி, பூட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று வந்து சொன்னான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கிளப் அறையைத் திறக்கச் சொல்லி அவரையே ஒரு வார்த்தை சொல்ல வைக்கலாமா என்று யோசித்தேன். பட்டறை முழுக்கச் சந்தனம் பூசிவிட்டு வந்திருக்கும் மனிதரிடம் அதை எப்படிக் கேட்பது?

ஆகவே விசில் இல்லாத வாயால் நானே கத்தினேன். "ஷேடோ ஆடுவோம். ரெண்டு டீமும் வாங்க."

பந்து இல்லாமல், பந்து இருப்பதாக வைத்துக்கொண்டு ஓடும் பயிற்சி அது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதற்கு ஓட வேண்டும் என்பது பழகுவதற்காகச் செய்வது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு. முதல் இரண்டு நிமிடம் ஒழுங்காகவே போயிற்று. அப்புறம் அத்திப்பள்ளி ஸ்ட்ரைக்கர் பெனால்டி பகுதிக்குள் புகுந்து காலை ஓங்கி வீசினான். எங்கள் கோல் கீப்பர் வலப்பக்கம் பறந்து விழுந்தான். அவன் பாகலூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. எழுந்து இரண்டு கையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பட்டுக்குன்னா" என்றான்; பிடித்துவிட்டானாம்.

"கோல் ஆய்த்து" என்றான் ஸ்ட்ரைக்கர்.

"எப்படிடா ஆச்சு? பந்து என் கையில இருக்கு, பாரு."

"அது வேற பந்து. நான் அடிச்சது லெஃப்ட் கார்னர்."

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், பந்து உள்ளே போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அவள் கணவன் எங்கள் லெஃப்ட் பேக். "நீ எந்த ஊர்க்காரி?" என்று அவன் அங்கிருந்தே கேட்டான். "அத்திப்பள்ளிதான், மறந்துட்டியா?" என்றாள். நடுவராக வந்திருந்தவர் குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டர். இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டு, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்று தீர்ப்பளித்தார். அதன் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஒருவன் வராத பந்தைத் தலையால் முட்டினான். ஒருவன் விழாத அடிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நான் ஆஃப்சைடு என்று கத்திய பிறகுதான், நானும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சிரிச்சு வயிறு வலிக்குதுங்க. ஆனா பொருளை நான் இன்னும் பாக்கலையே. நாளைக்குக் காலைல பந்தை எடுப்பீங்கல்ல? ஏழு மணிக்கு வர்றேன். ஒன்பதுக்கு என் மெஷினைப் போட்டாப் போதும்."

மறுநாள் விஜயதசமி. பெரிய தொழிற்சாலையில் ஆறு மணிக்கே ஏ ஷிஃப்ட் தொடங்கிவிடும். என் ஆட்களில் நால்வர் உள்ளே இருப்பார்கள், அவர்களில் ஸ்ட்ரைக்கரும் ஒருவன். சொன்னால் வராமல் போய்விடுவாரோ என்று அதை அவரிடம் சொல்லவில்லை. சரி என்றேன்.

காலையில் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பந்துகளை எடுத்தோம். அத்திப்பள்ளி ஆலைக்கு அன்றும் விடுமுறை என்பதால் அவர்கள் முழுக் குழுவாக வந்து சேர்ந்தார்கள். எங்கள் பக்கம் முதல் பதினொருவரில் ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேர், கூட நான். லெஃப்ட் பேக்கும் ஏ ஷிஃப்டுக்குப் போயிருந்ததால் அந்த இடத்தில் நானே நின்றேன். நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். நான்கில் மூன்று என் பக்கமாக வந்தவை.

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"நேத்து இருந்தவங்கள்ல நாலு பேரைக் காணோமே?" என்றார்.

ஷிஃப்ட் என்றேன். எந்த ஷிஃப்ட், எத்தனை பேர் என்று விசாரித்தார். நாலு பேரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் என்றேன்.

"என் பட்டறையில நைட் ஷிஃப்ட் கிடையாதுங்க. காலைல வந்து சாயங்காலம் போறதுதான். அந்த நாலு பேர்ல வேலைக்கு வர இஷ்டம் இருக்கறவங்க வரட்டும். அங்க கான்ட்ராக்ட்டுல வாங்கற சம்பளத்தை நானும் கொடுத்துருவேன். லீக்குக்குக் கட்ட வேண்டியதுக்கு நாளைக்கு ஆளை அனுப்புங்க. ஒரு வருசம் பாக்கலாம்."

கையிலிருந்த பந்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தவர் திரும்பினார்.

"அந்த லெஃப்ட் பேக்கை மட்டும் மாத்திடுங்க, கோச் சார். மத்ததெல்லாம் எனக்குச் சம்மதம்."