ஒவ்வொரு காலையும் ஐந்து

டோர்க்னி வேலை பார்த்த காகித ஆலையில்தான் நானும் இருந்தேன். ஒருநாள் காகித உருளை ஒன்று பிடி நழுவிச் சாய்ந்தது. அதைத் தோளால் தாங்கப் போன டோர்க்னி மல்லாக்க விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகில் தொடங்கிய வலி இடுப்புக்கு இறங்கி, காலுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு அதைவிடக் கடுமையான ஒன்றைக் கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. வலி, பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல் ஆனது. ஆனால் மற்றதெல்லாமும் வலியோடு சேர்ந்து அதே அறைக்குப் போய்விட்டது. தன் அம்மாவைப் புதைத்த அன்று தேவாலயக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோர்க்னி, அங்கே பரிமாறிய இறால் வைத்த ரொட்டி கேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த ஏப்ரலில் அவர் மனைவி இங்கெலா நகரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆலையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அரை நாள் வேலைக்கு வந்தார், போனார்.

இலையுதிர் காலத்தில் சுகாதார நிலையத்து மருத்துவர், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம் என்றார். அதோடு போனில் ஒரு செயலியையும் போட்டுக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூட டோர்க்னிக்குத் தோன்றவில்லை. காலையில் அது வலி எவ்வளவு என்று கேட்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். பிறகு உடற்பயிற்சிகளைக் காட்டும், நடக்கச் சொல்லும். அவ்வப்போது ஊமியோ நகரத்திலிருந்து தீரா என்ற இயன்முறை மருத்துவர் திரையில் வந்து பேசுவாள்.

காபி இடைவேளையில் பயிற்சிக்கு நேரமாயிற்று என்று போன் மணியடித்ததும் டோர்க்னி நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்து நிற்பார். கூட வேலை பார்க்கும் ஸ்டூரே சும்மா இருப்பானா?

"என்னடா, தேசிய கீதம் போட்டுட்டாங்களா? எனக்குக் கேக்கலையே."

"உனக்கும் அம்பத்தெட்டு வயசாகட்டும், பாக்கலாம்."

"எனக்கு அது வந்துட்டுப் போயே மூணு வருஷம் ஆச்சு."

நாங்கள் சிரித்தோம். டோர்க்னி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மிச்சப் பயிற்சியை முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

நவம்பரில் பனி தள்ளும் இயந்திரத்தை இரவல் வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தீராவின் அழைப்பு வந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தார்.

"டோர்க்னி, தினமும் அஞ்சுதான் போடுறீங்க," என்றாள் தீரா.

"அஞ்சுதான் வலிக்குது."

"மாத்திரையக் குறைச்சப்பவும் அஞ்சு. காய்ச்சல்ல படுத்திருந்தப்பவும் அஞ்சு."

"அது நடுவுல இருக்கு. விரல் அங்கதான் போகுது."

தீரா சிரிக்கவில்லை. "நாளைக்குத் தொடுறதுக்கு முன்னாடி எழுந்து நில்லுங்க. எங்க வலிக்குதுன்னு பாருங்க. தெரியலைன்னா காலியா விட்டுடுங்க. பரவாயில்ல."

மறுநாள் காலியாக விட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அதன்பின் ஒருநாள் எட்டு போட்டதாக என்னிடம் சொன்னார். ஏதோ திருடிவிட்டவரைப் போலத்தான் சொன்னார்.

மாத்திரை குறையக் குறைய வலி திரும்பி வந்தது. தூக்கம் போனது, வியர்த்துக் கொட்டியது. தீரா நடையைப் பாதியாக வெட்டினாள். தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பினால் போதும், ஆனால் போகாமல் இருக்கக் கூடாது என்றாள். மருத்துவர் ஒரு மாதம் அளவைக் குறைக்காமல் அப்படியே விட்டுவைத்தார். டோர்க்னி தபால் பெட்டி வரை போய் வந்தார்.

டிசம்பரில் இங்கெலா தன் குளிர்காலத் துணிகளை எடுக்க வந்தாள். அன்று நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். டோர்க்னி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தாராம். திரும்பாமலே கேட்டிருக்கிறார்:

"நீ போறேன்னு சொன்னியே, அப்போ நான் என்ன சொன்னேன்?"

"எதுக்கு இப்போ அது?"

"ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு. சரியான்னு தெரியல."

"சரின்னு சொன்னே. அப்புறம் ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கான்னு கேட்டே."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் குதிகால் நின்றுவிட்டது. "வலிக்குது," என்றார்.

"எங்க?"

"முதுகுலதான்."

தனக்கு வலிக்கிறது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது என்றாள் இங்கெலா. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பயிற்சியை முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மார்ச்சில் கடும் மாத்திரை முழுதாக நின்றது. வலி நிற்கவில்லை. சில நாள் மூன்று, சில நாள் ஆறு. ஆனால் ஏரி உறைந்திருந்த அந்த நாட்களில் அவர் காலில் மரச்சறுக்குகளைக் கட்டிக்கொண்டு பனியில் மெதுவாகப் போக ஆரம்பித்தார். சனிக்கிழமைகளில் இங்கெலாவும் வருவாள். அக்கரையில் உள்ள குடிசையில் நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டுச் சாப்பிடுவார்கள். அதன்பின் அவள் நகரத்துக்குத் திரும்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு ஏரியைக் கடந்தேன்.

"அவளத் திரும்பி வரச் சொல்லிக் கேக்கலையா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"இப்போதைக்கு இல்லையாம்."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

சறுக்குவதை நிறுத்திவிட்டு, சறுக்குக் கம்புகளின்மேல் சாய்ந்து நின்றார்.

"மோசமா இருந்துச்சு," என்றார். "ரொம்ப மோசமா."

பிறகு ஏரியில் ஓடை வந்து விழும் பக்கத்தைக் கம்பால் காட்டி, அங்கே உறைபனி மெலிந்துவிட்டது, இந்தப் பக்கமாக வா என்றார். நான் அவர் தடத்தில் போனேன்.