தம்பிக்கு வைத்த பேனர்

என் தம்பி செத்ததற்குத் தெருமுனையில் பேனர் வைத்தார்கள். மேலே "வீரவணக்கம்". கீழே வட்டச் செயலாளரில் தொடங்கிப் பெரிய தலைகள் வரை வரிசையாகக் கைகூப்பிச் சிரிக்கிறார்கள். சாவுக்கு எவனாவது சிரிப்பானா? நடுவில் என் தம்பி, கையில் துப்பாக்கி, பக்கத்தில் ஒரு புலி. ஆப்பிரிக்காவில் ஐ.நா. அமைதிப் படையில் அவன் ஓட்டியது தண்ணீர் லாரி. முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வழியில், பாதையில் புதைத்திருந்த குண்டு வெடித்தது. அதைச் சொன்னால் வீரம் குறைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, புலியை ஒட்டிவிட்டார்கள்.

டீக்கடையில் ஒருத்தன், "நம்ம நாட்டுச் சண்டையே இல்ல, அங்க ஏன் போனான்? சம்பளம் ஜாஸ்தின்னுதான?" என்றான். என்னைப் பார்த்ததும் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். ராணுவத்தில் உத்தரவு வந்தது, போனான். இதுகூடத் தெரியாத வாய்க்கு டீ ஒரு கேடு.

செத்தவர்களைத் தலைக்கு எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டித்தான் அனுப்புவோம். பெட்டி வந்தபோது அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"தொறங்க சார், தலைக்கு மட்டும் வச்சிட்டுப் போறேன்."

"தொறக்கக் கூடாதும்மா. மூடித்தான் அனுப்பியிருக்காங்க" என்று கூட வந்த ராணுவக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரையாவது மன்னிக்கலாம். மாலை போட வந்தவர்கள் போட்டோவில் விழுவதற்காக அம்மாவைத் தோளால் இடித்துத் தள்ளினார்கள். கிண்ணத்து எண்ணெய் அவள் புடவையிலேயே கொட்டியது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அம்மா தெருமுனைக்குப் போய் பேனர் முன்னால் நிற்பாள். பெட்டிக்குள் பார்க்கக் கிடைக்காத முகம் அங்கேதான் இருந்தது. எனக்கு அந்தப் பேனரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவளைக் கூப்பிட வாய் வராது.

காரியம் முடிந்த மறுவாரம் இரண்டு ஆட்கள் ஏணி போட்டு அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா பண்றீங்க?"

"கவுன்சிலர் வூட்டுக் கல்யாண பேனர் கட்டணும்க்கா. அண்ணன் சொல்லிட்டாரு."

எந்த அண்ணன்? என் அம்மாவை இடித்துத் தள்ளிய அண்ணனா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அதை இங்கே எழுத முடியாது. பேனரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கைகூப்பிய கூட்டத்தை வெட்டி ஆட்டுக் கொட்டகை மேலே கட்டினேன். மழை ஒழுகவில்லை, அந்த மட்டுக்கு உபயோகம். தம்பியின் முகத்தை மட்டும் அம்மாவிடம் கொடுத்தேன்.

அவள் அதைக் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் விரித்தாள். தூசி துடைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. நெற்றிக்கு மேலே, தொப்பி இருந்த இடத்தில், எண்ணெயைத் தேய்த்தாள். சீயக்காய் கரைத்து ஊற்றி மெதுவாகக் கழுவினாள்.

"எண்ண வச்சிட்டேன்டி" என்றாள். "இப்ப போவட்டும்."