பதினோரு கப் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் அவளைக் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்குப் போகிற கத்திரி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் வைத்தெடுத்து, துணியில் கட்டி அனுப்புகிற பிரிவில் அவளுக்கு இருபத்து மூன்று வருஷ வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கத்திரியைக் கையில் வாங்கினால், முனை மழுங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். "அக்கா கட்டினதா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று டாக்டர்களே சொல்வார்கள். அதைக் கேட்கும்போது வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்து இரண்டாவது வயதில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு வருஷத்துக்குள் சான்றிதழ் வாங்க வேண்டும், வாங்காதவர்கள் தரை துடைக்கிற பிரிவுக்குப் போக வேண்டும் என்று. சான்றிதழ்ப் படிப்பு சமுதாயக் கல்லூரியில் இருந்தது. பத்தாவது முடித்தவர்கள் நேரே சேரலாம். முடிக்காதவர்கள் முதலில் அங்கேயே கணக்கு வகுப்பு ஒன்றில் தேற வேண்டும்.

சிக்கல் அங்கேதான். வீட்டில் அவள் பத்தாவது பாஸ். கல்யாணப் பேச்சில் யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்க, அவளும் தலையை ஆட்டிவைக்க, அந்தப் பொய் இருபத்தெட்டு வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்திவிட்டது. புருஷனுக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அதனால், "எனக்கு இனிமே செவ்வாய், வியாழன் ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முதல் நாள் கல்லூரி வாசலை இரண்டு தடவை கடந்து போய்த் திரும்பி வந்தாள். உள்ளே பதிவு மேஜையில் இருந்த பெண் கேட்டாள்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டு."

"எட்டாவது பாஸா?"

"பாதி..."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டாள். அவள் நிமிராமல் இருந்ததுதான் கத்திரியக்காவை அன்றைக்கு அங்கே நிறுத்தி வைத்தது.

குறை சொல்ல முடியாத இடம். பகல் வேலைக்காரர்களுக்குத் தோதாக ஐந்தரைக்குத்தான் வகுப்பு. கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் தாள். முதுகு சாய நாற்காலி. பதினான்கு பேர், எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும்.

பக்கத்து நாற்காலியில் டிரைவரண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பார்வை மங்கியதால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் படிப்பில் சேர வேண்டும் என்று வந்திருந்தார். இடது காது கேட்காது, அதனால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் சாய்ந்து, "என்னம்மா சொன்னாங்க?" என்று அடிக்கடி கேட்பார்.

இரண்டாம் மாதம் பரீட்சை வைத்தார்கள். பத்துக் கேள்வி. ஏழு வரைக்கும் கத்திரியக்கா தட்டுத்தடுமாறி எழுதிவிட்டாள். எட்டாவது கேள்வி: இருபது சதவீத மருந்து இருக்கிறது, அதை இரண்டு சதவீதமாக்க வேண்டும், ஒரு கப் மருந்துக்கு எத்தனை கப் தண்ணீர்? சதவீதம் என்ற சொல்லைப் பார்த்ததுமே பேனா நின்றுவிட்டது. எழுத்துகள் மேலும் கீழும் ஓடின. கண் தானாக டிரைவரண்ணன் தாளுக்குப் போனது. பதினொன்று என்று எழுதியிருந்தார். இவளும் பதினொன்று. ஒருமுறை போன கண் திரும்பி வரவில்லை. ஒன்பதும் பத்தும் அங்கிருந்தே வந்தன.

அடுத்த வகுப்பில் டீச்சர் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருக்கீங்க. மூணு கணக்கு. பதினொண்ணுங்கிற பதில் வேற யாருக்கும் வரல."

சொல்லிவிட்டு டீச்சர் பார்த்தது டிரைவரண்ணனை. எப்போதும் சாய்ந்து சாய்ந்து பேசுகிறவர் அவர்தானே. கத்திரியக்கா அலுங்காமல் குலுங்காமல் உட்கார்ந்திருப்பவள்.

"நான் யாரு பேப்பரையும் பார்க்கல டீச்சர்" என்றார் அவர்.

பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். கத்திரியக்கா மேஜையின் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. டிரைவரண்ணன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து வந்த இரண்டு வகுப்புக்கும் அவர் வரவில்லை. கல்லூரியிலிருந்து போன் போட்டும் எடுக்கவில்லையாம். கத்திரியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையிலும் கை தடுமாறி, இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு துணிக்கட்டுக்குள் இடுக்கி வைக்க மறந்து, அது திரும்பி வந்தது. "என்னக்கா, உங்களுக்குமா?" என்று நர்ஸ் சிரித்தபோது உடம்பெல்லாம் கூசியது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு டீச்சரிடம் போனாள்.

"பார்த்து எழுதினது நான்தான். அவர் இல்ல."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். திட்டவில்லை. "ஆஸ்பத்திரில கருவிகளை ஊறவைக்க மருந்து கலப்பீங்கல்ல? எப்படிக் கலப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு கப்புக்கு ஒன்பது கப் தண்ணி."

"அந்தக் கேன்ல எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும்?"

"இருபதுன்னு..." பாதியில் நின்றுவிட்டாள்.

தினமும் காலையில் தன் கையால் கலக்கிற கலவை! விடை ஒன்பது. அது தன் கையில் இருக்க, இன்னொருவர் தாளிலிருந்து தப்பைத் திருடியிருக்கிறாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உங்க மேல மட்டும் தப்பில்ல. நான் யாரையும் கேட்காம அவரைச் சந்தேகமாப் பார்த்தேன். அதுக்கு நானும் மன்னிப்புக் கேட்கணும்" என்றாள் டீச்சர்.

டிரைவரண்ணன் ஒரு டயர் கடையில் காவலுக்கு இருப்பதாக வகுப்பு தொடங்கிய அன்றே சொல்லியிருந்தார். சனிக்கிழமை கத்திரியக்கா அங்கே போனாள். அடுக்கிய டயர்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது பக்கமாகப் போய் நின்று சொன்னாள். 

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சுண்ணே."

"எனக்கு மட்டும் என்னம்மா, தோல் தடிச்சா கிடக்கு?"

அவள் பக்கத்தில் இருந்த டயரைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது வருஷம் பஸ்ல யாரோ விட்டுட்டுப் போன பொருளைக்கூட தொட்டதில்ல நான். அறுபது வயசுல திருட்டுப் பட்டம். வீட்ல உண்மையைச் சொல்லாம, காது சரியில்ல, படிப்பு வேண்டாம்னு சொல்லி உட்கார்ந்திருக்கேன்." ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, "இங்க வந்து என் காதுல சொல்லி என்ன பண்ண? சிரிச்சவங்க அங்கதானே இருக்காங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். டீச்சர் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அடுத்து கத்திரியக்கா எழுந்தாள். "டிரைவரண்ணன் என்னைப் பார்த்து எழுதல. நான்தான் அவரைப் பார்த்து எழுதினேன்" என்றாள். இரண்டே வரி. அதைச் சொல்வதற்குள் பிளவுஸ் முதுகெல்லாம் நனைந்துவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் பழைய நாற்காலிக்கு வரவில்லை. டீச்சர் குரல் நன்றாகக் கேட்கும்படி வலக்காதைத் திருப்பி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் புருஷனிடமும் மகளிடமும் உடைத்துச் சொன்னாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் ரேங்க் கார்டுல ஒரு மார்க் குறைஞ்சா என்ன குதி குதிச்சே நீ! எட்டாவது பாதியா?" அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை என்று தெரிந்தும் கத்திரியக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. புருஷன் மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஓவர்டைம்னு சொன்னியே, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

அடுத்த பரீட்சையில் டீச்சர் மேஜைமேல் கப்பும் வாளியும் கேனும் கொண்டுவந்து வைத்தாள். பத்தில் மூன்று கேள்விக்கு அவரவர் வேலையைச் செய்து காட்டி, அதற்கப்புறம் கணக்காக எழுத வேண்டும். கத்திரியக்கா ஒன்பது கப் ஊற்றினாள். பிறகு எழுதினாள். தேறினாள். டிரைவரண்ணனும் தேறினார், இருபதை இரண்டால் வகுத்து வருகிற பத்தோடு ஒன்றைக் கூட்டக் கூடாது, அதிலிருந்து கழிக்க வேண்டும் என்பது அவருக்கும் பிடிபட்டுவிட்டது. ஸ்டோர் கீப்பர் வகுப்பு மேல்மாடியில் என்பதால் படிக்கட்டில் எப்போதாவது எதிர்ப்பட்டால், "என்னம்மா" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் எதிர்பார்க்க அவளுக்கும் மனம் வரவில்லை.

சான்றிதழ் வாங்கியபிறகு ஒரு நாள், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டாள் டீச்சர். போனாள். வேலையைப் பற்றிப் பேசலாம் என்றுதான் போனாள். பயந்துபோன இருபது முகங்களைப் பார்த்ததும் வேறு ஒன்று வாயில் வந்துவிட்டது.

"நான் இங்க முதல் பரீட்சைல காப்பி அடிச்சேன். அதுவும் தப்பான பதிலை."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பழி யார் மேல் விழுந்தது என்பதையும் சொன்னாள்.