நாற்பத்தோராம் சொல்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரெண்டாவது காது’ என்று பெயர். அவசர உதவி எண்ணைக் கூப்பிடுபவர் தமிழில் பேசினால், முதல் காதான அழைப்பு அதிகாரியம்மா ஒரு பொத்தானை அமுக்குவார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் இவள் காதிலும் அந்தக் குரல் வந்து விழும். கேட்டதை அந்த வெளிநாட்டு ஊரின் மொழியில் அதிகாரியம்மாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பதினோரு வருடத்தில் அவள் ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை. வீட்டில் கணவரிடம் பேசும்போது மட்டும் ஒன்றுக்குப் பத்தாகக் கூட்டுவாள்.

ஆனால் ஒரு சொல்லைக் குறைத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பிராணனை வாங்கியது ‘ஐயோ’தான். நம்மவர்களுக்கு ஐயோ இல்லாமல் வாயே திறக்காது. பால் பொங்கினாலும் ஐயோ, பஸ் போய்விட்டாலும் ஐயோ, பக்கத்து வீட்டுக் குழந்தை சிரித்தாலும் ஐயோ. அந்த ஊர்க்காரர்கள் மொழியில் திகிலுக்கென்று ஒரு சொல் இருந்தது, கேட்டாலே ரத்த வாடை அடிக்கும். ஐயோவுக்கு அதையே போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரை மீட்க ரெண்டு ஆம்புலன்சும் ஒரு தீயணைப்பு வண்டியும் போய் நின்றன. அவர் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் கூப்பிட்டு, அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இருக்கிற அகராதியையெல்லாம் புரட்டினாள். ஒன்று துயரம் என்றது, ஒன்று வியப்பு என்றது, ஒன்று இரக்கம் என்றது. பிறப்பைத் தேடினால் அது பெரிய பஞ்சாயத்து. ஆபத்தில் ‘ஐயனே’ என்று தகப்பனைக் கூப்பிட்டது தேய்ந்துதான் இப்படி ஆனது என்றார் ஒருவர். அதெல்லாம் கட்டுக்கதை, நெஞ்சிலிருந்து தானாகக் கிளம்புகிற மூச்சு அது என்றார் இன்னொருவர். ரெண்டு வாரத்தில் அலுத்துப்போய், அலுவலகச் சொற்பட்டியலின் நாற்பத்தோராம் வரியில் எழுதினாள்: ‘ஐயோ: பழக்கச் சொல். மொழிபெயர்க்க வேண்டாம்.’ மேலாளர் பாராட்டினார். அதற்குப் பிறகு வண்டிகள் வீணாக ஓடவில்லை.

போன திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்த சமயம், ஒரு பெண்ணின் குரல் வந்தது. ஒரே ஒரு ஐயோ. அலறல் இல்லை. பக்கத்தில் நிற்கிற யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு தாழ்ந்த குரல். எங்கேயோ குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது ஓர் ஆணின் குரல், மரியாதை சொட்டச் சொட்ட.

“மன்னிச்சுக்கங்க மேடம். தெரியாம கை பட்டுடுச்சு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.”

அவள் அதை அப்படியே சொன்னாள். “அதுக்கு முன்னாடி அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்று அதிகாரியம்மா கேட்டார்.

அந்த ஐயோ அவள் காதிலேயே நின்றது. ஆனால் வாய் பட்டியலின்படிதான் போயிற்று.

“பழக்கச் சொல். வேற ஒண்ணும் சொல்லல.”

அதிகாரியம்மா அழைப்பை முடித்து அடுத்ததை எடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தவள் உடனே மூடினாள்.

“என்ன, தண்ணிய முறைக்கிற?” என்றார் கணவர்.

“ஒரு ஐயோ கேட்டேங்க. யாரையும் கூப்பிடாத ஐயோ. பக்கத்துல நிக்கறவனுக்கே பயந்து சொன்னது.”

“அதச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல வேண்டாம்னு நான்தானே எழுதி வெச்சிருக்கேன்.”

மூன்று நாள் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திரையில் திங்கட்கிழமை வந்த அதே முகவரி. இந்த முறை ஒரு பெண் குழந்தை, ஐந்து வயது இருந்தால் அதிகம்.

“ஐயோ.”

அதே தாழ்ந்த குரல். குழாயில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆணின் குரல் மட்டும் இல்லை.

“கண்ணு, அம்மா எங்கடா?” என்று கேட்டாள். மூச்சு மட்டும்தான் கேட்டது.

அதிகாரியம்மா நாற்பத்தோராம் வரியில் விரலை வைத்தார். “பழக்கச் சொல்தானே? தகவல் இல்லாம நான் வண்டி அனுப்ப முடியாதும்மா. இது நீங்களே எழுதினது.”

அவள் பட்டியலைப் பார்க்காமல் சொன்னாள்.

“இல்ல மேடம். ‘அம்மா எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க’ன்னு சொல்லுது.”

பதினோரு வருடத்தில் அவள் கூட்டிச் சொன்ன முதல் வாக்கியம். துளிகூட நாக்குக் குழறவில்லை. வண்டி கிளம்பியது.

“கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்துக்க கண்ணு. நான் போன்லயே இருக்கேன்.”

ஒன்பது நிமிடம் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூட்ஸ் காலடிகள் கேட்டன. யாரோ குழாயை மூடினார்கள். பிறகு ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் ஒரே ஒரு சொல் சொன்னார், அவர்கள் மொழியில். அவள் ஒரு காலத்தில் ஐயோவுக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே ரத்த வாடைச் சொல்.

அம்மா குளியலறையில் கிடந்தாள். செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. குழந்தை பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அப்பன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். இன்னொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒலிப்பதிவைக் கேட்டிருந்தார்.

“அம்மா எழுந்திரிக்கலன்னு குழந்தை சொல்லவே இல்லையாமே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“வியாழக்கிழமை எனக்கு ஒண்ணும் தெரியாது சார். திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது. நான் சொல்லல.”

வேலை போகும் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் இருந்தது. அவரோ சொற்பட்டியலை இழுத்து, நாற்பத்தோராம் வரியை அடித்தார். பேனா அங்கேயே நின்றது.

“இந்த இடத்துல இப்ப என்ன போடறது? பயம்னு போடவா, துக்கம்னு போடவா?”

“‘வாங்க’ன்னு போடுங்க சார்.”