கைபடாத கார்

என் தம்பி லாண்டரி வைத்திருக்கிறான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. இந்த ஊரில் யார் சட்டைக் காலரில் என்ன அழுக்கு இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் ரசீது கிழித்துக் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் கடைக் கவுண்டரில் வந்து உட்கார்ந்தேன். தம்பி கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. ஏன்டா என்று கேட்டால் சிரித்து மழுப்புவான். கடைக்குப் பின்னால் கொட்டகையில் சிவப்பாக ஒன்று சம்பளமில்லாத சக்களத்தியாக நிற்கும்போது எந்தப் பெண் வருவாள் என்று நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சிவப்பு ஒரு கார். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை, உயரம் என் இடுப்பளவுகூட இல்லை. உள்ளே உட்காருவது சுலபம், தொப்பென்று விழுந்தால் போதும். எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். காயலான் கடையில் கோழி அடைத்து வைத்திருந்ததை அவன் வாங்கி வந்தான். கோழி எச்சத்தைச் சுரண்டியே ஒரு மழைக்காலம் போனது. ஓட்டையெல்லாம் அடைத்து, வேறொரு வண்டியின் இன்ஜினைப் பொருத்தி, பேண்ட் மடித்துத் தைக்கும் கடை மிஷினிலேயே சீட்டுக்கு உறை தைத்தான். கெட்டித் துணிக்கு அந்த மிஷின் எத்தனை ஊசியைத் தின்றதோ தெரியாது. இப்போது சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்றுப் போவான். வாரம் முழுக்க ஆவியிலும் சோப்பு நுரையிலும் வெந்த எனக்கு அந்த ஒரு காற்றுதான் காற்று. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது.

பழைய கார்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு தடவை மைதானத்தில் கூடுவார்கள். மரத்தடி நிழலில் ஒரு வரிசை, அது 'ஒரிஜினல்'. கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து ஒரு ஸ்க்ரூகூட மாற்றாத, பெயிண்ட் அடிக்காத, கைபடாத கார்களுக்கு மட்டும். எதிரே மொட்டை வெயிலில், கழிப்பறையை ஒட்டி இன்னொரு வரிசை. அங்கே நிற்பதற்கு அவர்கள் வைத்த பேர் 'ஒட்டுப் போட்டது'. தம்பி எப்போதும் கழிப்பறைப் பக்கம்தான். அவனுக்கு அங்கே பேரும் கிடையாது, 'லாண்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன லாண்டரி, இன்னிக்குக் காருக்குக் கஞ்சி போட்டியா?" என்று ஒருத்தன் கேட்பான், மற்றவர்கள் கெக்கெக்கே என்பார்கள். இவனும் சேர்ந்து சிரிப்பான். அவர்கள் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இவன் சிரிப்பதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிழல் வரிசைக்கு ராஜா ஒரு கட்டட காண்ட்ராக்டர். எதைக் காட்டினாலும் 'இது பொக்கிஷம்யா' என்பார். அதனால் நான் அவருக்கு வைத்த பேரே பொக்கிஷம். அவர் கார் வெள்ளி நிறம், நீண்ட மூக்கு. ஒரு காலத்தில் அழகாக இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. இப்போது கதவெல்லாம் துருப்பிடித்து, சீட்டுத் தோல் வெடித்து, வெடிப்பிலிருந்து பஞ்சு பிதுங்கி நிற்கும். சாம்பல் கிண்ணத்தில் முதல் சொந்தக்காரர் பிடித்துப் போட்ட சிகரெட் துண்டுகள் அப்படியே. தரை விரிப்பில் யாரோ துப்பிய மிட்டாய் ஒன்று ஒட்டிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் சிகரமாக முன்னால் கண்ணாடிக்குக் கீழே ஒரு கைக்குட்டை. அதுவும் முதல் சொந்தக்காரருடையதுதான். சளி சிந்தினாரோ, காபியைத் துடைத்தாரோ, பழுப்பேறி அட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். சங்கத்துக்காரர்கள் அதைக் குனிந்து குனிந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். படித்தவர்கள், வீட்டில் தினம் குளிப்பவர்கள்!

அப்படிப்பட்ட பொக்கிஷம் ஒரு நாள் கழிப்பறைப் பக்கம் நடந்து வந்தார். தம்பி அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஏம்ப்பா லாண்டரி, மாத்திக்கலாமா? என்னுது உனக்கு, உன்னுது எனக்கு."

நான்தான் கேட்டேன்: "எங்க ஒட்டுப் போட்டது உங்களுக்கு எதுக்கு சார்?"

"அதுவாம்மா, நம்ம பொக்கிஷத்தை ஓட்ட முடியாதே. கதவை ரெண்டு தடவ சாத்தினா ரப்பர் உதிருது. எனக்கும் வயசாகுது, நாயை முன்னாடி உக்கார வெச்சுக்கிட்டு சும்மா ஜாலியா ஒரு ரவுண்டு போகணும்னு ஆசை." அவருடைய நாய், கன்றுக்குட்டி அளவுக்கு ஒன்று, பக்கத்திலேயே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

ஆக, கும்பிட ஒன்று, ஓட்ட ஒன்று. இத்தனை வருஷம் எதைப் பார்த்து இளித்தாரோ அதுதான் இப்போது அவருக்கு வேண்டும்.

நான் தடுப்பதற்குள் தம்பி தலையாட்டிவிட்டான். சங்கத்தில் மாற்றிக்கொள்வதற்கு ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும் கையெழுத்துப் போட மாட்டார்கள். முதலில் ஒரு வாரம் இவர் கார் அவரிடம், அவர் கார் இவரிடம். அடுத்த ஞாயிறு சங்கத்தார் எல்லாரையும் சாட்சிக்குக் கூட்டித் திரும்ப மைதானத்தில் சந்தித்து, மனசுக்குச் சரி என்றால் முடித்துக்கொள்வார்கள். வெள்ளிக் கார் லாரியில் ஏறி எங்கள் கொட்டகைக்கு வந்தது. சிவப்பு, நாயோடு போனது.

லாரியிலிருந்து இறக்கும்போதே பொக்கிஷம் உத்தரவு போட்டார். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, ஊதக்கூடக் கூடாது. எதைச் சொன்னாலும் தம்பி "சரிங்க சார், சரிங்க சார்" என்றான். லாண்டரிக்காரனிடம் அழுக்கைக் கொண்டுவந்து நிறுத்தித் தொடாதே என்றால் எப்படி? சாப்பிட்டுக் கை கழுவும்போதெல்லாம் அவன் கண் கொட்டகைப் பக்கம் போகும். விரல் தானாகத் தேய்க்கும்.

கதவைத் திறந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வண்டிக்குள் எலிக் குடும்பம் பிறந்து, வளர்ந்து, அங்கேயே செத்தும் போயிருக்கிறது. நாற்றம் கொட்டகையோடு நிற்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம்தான் இஸ்திரி அறை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டாக்டரம்மா தன் வெள்ளைக் கோட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டார்.

"என்னங்க இது, மோந்து பாருங்க. எலி செத்த மாதிரி அடிக்குது. இதைப் போட்டுக்கிட்டு நான் பேஷண்ட் பக்கத்துல எப்படி நிக்கறது?"

மோந்து பார்த்தேன். உடம்பே கூசியது. இத்தனை வருஷத்தில் எங்கள் கடையிலிருந்து அழுக்கு வாடையோடு ஒரு கைத்துண்டுகூட வெளியே போனதில்லை. எல்லாவற்றையும் மறுபடி துவைத்துத் தருகிறேன் என்று தலையைக் குனிந்து வாங்கி வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, உனக்கு மூளை கீளை இருக்கா? நீ கையால பண்ணின வண்டியக் குடுத்துட்டு இந்தப் பீத்தொட்டிய வாங்கிக்கப் போறியா?"

"அக்கா, உனக்குப் புரியாது."

"புரிய வையேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "ஒரு தடவ நிழல்ல நிக்கணும்கா. அவ்ளோதான். எத்தன வருஷம் அந்தக் கக்கூஸ் பக்கம் நின்னுட்டேன். என்னோடதுல ஒரு பட்டன்கூட ஒரிஜினல் இல்லன்னு சொல்றாங்க. சரிதானே?"

எனக்கு அப்போது வந்த அருவருப்பு எலி நாற்றத்தால் வந்ததில்லை. என் கூடப் பிறந்தவன், அவனை மட்டம் தட்டுகிறவர்கள் பக்கத்தில் நிற்பதற்காக அவனையே விற்கப் போகிறான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அதன் பிறகு இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இஸ்திரி மேஜையில் அவன் குனிந்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தான். சின்னத் துணி. கிட்டே போய்ப் பார்த்தேன், அந்தக் கைக்குட்டை! பாலில் நனைத்ததுபோல் வெள்ளை. ஓரத்தில் நீல நூலில் ஒரு சின்னப் பூ வேலைப்பாடு. அதில் பூ இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

"வேற எதையும் தொடலக்கா," என்றான், நான் கேட்பதற்கு முன்பே. "இது ஒண்ணுதான். துணியாச்சே, மனசு கேக்கல. ரெண்டு தடவ ஊற வெச்சேன், கறை மொத்தமா வந்துடுச்சு. நாளைக்கு சார் பார்த்தா சந்தோஷப்படுவாரு."

எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானும் லாண்டரிக்காரிதானே! அந்தச் சனியன் பிடித்த வாரத்தில் கண்ணுக்குச் சுத்தமாகப் பட்டது அது ஒன்றுதான். "ஓரம் இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று நானே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக் காரை லாரியிலிருந்து இறக்கி மரத்தடியில் நிறுத்தினோம். தம்பி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் விறைப்பாக நின்றான். நிழல் அவன் முகத்தில் விழுந்திருந்தது. அவனுக்கு இதுதான் வேண்டுமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது.

அப்போது சிவப்பு வந்தது. பொக்கிஷம் காற்றில் தலை கலைந்து, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கினார். நாயும் குதித்து இறங்கியது. நாய் இருந்த சீட்டைப் பார்த்தேன், அது எப்போதும் நான் உட்காரும் சீட்டு. தையல் பிரிந்து நகக் கீறல். முடி. நடுவில் பெரிதாக ஈரம், இன்னும் காயவில்லை. மூத்திர வாடை குப்பென்று அடித்தது. தம்பியும் பார்த்தான். ஆனாலும், "நல்லா ஓடுச்சுங்களா சார்?" என்றான். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

"பிரமாதமா ஓடுதுய்யா! சரி, பேப்பரைக் கொண்டா, முடிச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டே பொக்கிஷம் தன் பழைய காருக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையை உள்ளே விட்டுக் கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கினார். கஞ்சி போட்ட மடிப்பு கலையாமல் அது நிழலிலும் பளிச்சென்றது.

"யாருடா... யாருடா இதைத் தொவைச்சது?"

"நான்தாங்க சார்," என்றான் தம்பி, முகமெல்லாம் மலர்ந்து. "கறை சுத்தமா போயிடுச்சு பாருங்க."

"அது கறை இல்லடா, சரித்திரம்!"

சங்கமே ஓடி வந்து சுற்றி நின்றது. ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். ஒருத்தர் "போச்சே, எல்லாம் போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எழவு வீடுகூட அப்படி இருக்காது. "லாண்டரிக்காரன் கையில குடுத்தா வேற எப்படி இருக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எவனோ சிந்திப் போட்ட சளிக்கு இத்தனை பேர் துக்கம் கொண்டாடியதை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் கேட்டான்: "சார், என் சீட்டுல உங்க நாய் ஒண்ணுக்குப் போயிருக்குங்க."

"அட, அது கழுவினாப் போயிடும்யா! அது என்ன ஒரிஜினலா? நீ தைச்சதுதானே!"

யாரும் சிரிக்கவில்லை. அது எல்லாருக்கும் நியாயமான பேச்சாகவே பட்டது. பொக்கிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற குரலில் தொடர்ந்தார்: "சரி விடு, போனது போச்சு. தெரியாம பண்ணிட்ட. பேச்சு பேச்சுதான், மாத்திக்கலாம். இனிமே நீ இங்கயே, இந்த நிழல்லயே நில்லு."

தம்பி மரத்தைப் பார்த்தான். எதிரே வெயிலில் நிற்கும் சிவப்பைப் பார்த்தான். "அதைக் கொஞ்சம் குடுங்க சார்" என்று அவர் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கிக்கொண்டான்.

நேராகச் சிவப்பு காருக்கு நடந்தான். கைக்குட்டையை உதறிப் பிரித்து, நாய் உட்கார்ந்த சீட்டை மூலை முடுக்கு விடாமல் அழுத்தித் துடைத்தான். நல்ல துணி, நன்றாக உறிஞ்சியது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, பழைய மடிப்பிலேயே மடித்து, வெள்ளிக் காரில் இருந்த அதே இடத்தில் வைத்தான்.

"இந்தாங்க சார். மறுபடியும் ஒரிஜினல் ஆயிடுச்சு. என் சாவியக் குடுங்க."

திரும்பும்போது ஒரு லாண்டரிப் பையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். கூரையைத் திறந்து போட்டும் மூத்திர வாடை வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தவன், கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"அவ்ளோ நல்லா வெளுத்திருந்துச்சுக்கா," என்றான். "ஒருத்தன்கூட அந்தப் பூவைப் பாக்கல."