முள் சிவப்பைத் தொட்டபோது

“அவசர நிறுத்தப் பொறுப்பாளர்: நெருக்கடியில் தயங்காமல் முடிவெடுப்பவர், பதற்றம் அறியாதவர்” என்றது ஆய்வகத்தின் பணிக் குறிப்பு. அந்தப் பணியில் இருந்தவர் சட்டை வாங்கப் போனால், நீலமா சாம்பலா என்று அவர் முடிவு செய்வதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். கூட வேலை செய்தவர்கள் அவரை ‘யோசனை’ என்றே கூப்பிட்டார்கள்.

அங்கிருந்த பெரிய கலனுக்குள் உருக்கிய சோடியம். அதைக் கலக்க இரண்டு விசிறிகள். மின்சாரம் கடத்தும் திரவத்தை வெறிபிடித்தாற்போல் சுழற்றினால், பூமியின் துளிக் காந்தப்புலம் அதில் மாட்டி, இழுபட்டு, முறுக்கி, மடிந்து, தானாகவே வளரும் என்பது ஆய்வகத்தை நடத்திய பேராசிரியையின் கணக்கு. சிக்கல் என்னவென்றால், வளர்க்கிற சுழல்தான் புலத்தைப் பிய்த்தும் போடும். பல வருடங்களாகப் பிய்த்துத்தான் போட்டது.

கலனில் பொருத்திய பழைய அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பது யோசனையின் வேலை. முள் சிவப்பைத் தொட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். தொட்டதே இல்லை.

“இன்னிக்கு என்ன பண்ணீங்க?” என்பாள் மனைவி.

“ஒண்ணும் பண்ணல.”

“நல்லா பண்ணீங்களா?”

ஆய்வகத்தை மூட உத்தரவு வந்தது. கடைசி ஓட்டத்தின்போது, திரையில் புலத்தின் கோடு மெல்லத் தலைதூக்கியது.

“ஏறுதுண்ணே!” என்று பேராசிரியை துள்ளி எழுந்தார்.

“இங்கயும் ஏறுது மேடம். அழுத்தம். சிவப்புகிட்ட வந்துடுச்சு.”

“ஐயோ, கொஞ்சம் பொறுங்கண்ணே! எப்பவும் யோசிப்பீங்களே, இப்ப யோசிங்க!”

முள் சிவப்பைத் தொட்டது. அவர் யோசிக்கவில்லை; அழுத்திவிட்டார். விசிறிகள் சடாரென்று நின்றதில் அவற்றின் அச்சு முறுக்கிக்கொண்டது. கோடு விழுந்தது.

பிறகு கலனுக்குள் இருந்த இன்னொரு அழுத்த உணரியின் பதிவைப் பார்த்தார்கள். அழுத்தம் அசையவே இல்லை. பேராசிரியை ஒரு காந்தத்தை மானியருகே நீட்டினார். இரும்பு முள் சிவப்புக்கு ஓடியது.

“புலம் வளர்ந்திருக்குண்ணே. முள்ளையே தள்ளுற அளவுக்கு.”

“அப்ப நான் அழுத்தியிருக்கக் கூடாதா?”

“சிவப்புன்னா அழுத்தத்தான் வேணும். என்ன பண்றது, சொல்லுங்க.”

 திரையில் பதிவான கோடோ, நிரூபணம் என்று காட்ட முடியாத அளவுக்குக் குட்டை. புதிய அச்சுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆய்வகத்தைப் பூட்டினார்கள். வீட்டில் மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“முள்ளு சிவப்பைத் தொட்டுச்சு; பொத்தானை அழுத்தினேன்” என்றார்.